ஸ்டவ் வெடித்ததாகச் சொன்னேன்

என் இடது கையைப் பார்க்கிறவர்கள் முதலில் கேட்பது, "ஸ்டவ்வா?" என்றுதான். பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவள் கேட்பாள். ரேஷன் கடையில் கேட்பார்கள். திருத்தணி மார்க்கெட்டில் பூக்காரியும் கேட்டாள். கேட்டுவிட்டு, கழுத்தில் தாலி இருக்கிறதா என்று ஒரு பார்வை. எனக்கு எரிச்சலாக வரும். ஆனால் அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. அந்த வார்த்தையை நானே சொன்னேன், அதுவும் மாஜிஸ்திரேட் எதிரில். அதனால் முப்பத்தாறு நாள் ஆஸ்பத்திரியில் நடந்ததை ஒரே தடவையாக எழுதிவிடுகிறேன். காயம் பட்டவர்களுக்கும் அவர்கள் வீட்டாருக்கும் ஏதாவது பயன்பட்டால் சரி.

என் பெயர் சரளா. வயது முப்பத்தொன்பது. ஆர்.கே.பேட்டை போகும் சாலையில் எங்கள் வீடு. பக்கத்து வீடு என் அண்ணன் தாமோதரனுடையது. அவர் வீட்டுக்குப் பின்னால் விசைத்தறி ஷெட், எட்டுத் தறி. நைனா என்று நாங்கள் கூப்பிட்ட அப்பா போன பிறகு, அந்தத் தறிகளை ஓட்டித்தான் அண்ணன் எனக்குக் கல்யாணம் செய்துவைத்தார். என் கணவர் முனிரத்தினம் என் அத்தை மகன். எங்கள் பக்கம் அத்தை மகனைப் பாவா என்போம். கல்யாணமாகிப் பதினாறு வருஷம் ஆகியும் எனக்கு அவர் பாவாதான். அரக்கோணத்தில் ரயில் பெட்டி பழுது பார்க்கும் இடத்தில் ஒப்பந்த வேலை, பாதி நாள் நைட் டூட்டி. எங்களுக்குக் குழந்தை இல்லை.

தறியில் ஏற்றுவதற்கு முன்னால் நூலுக்குக் கஞ்சி போட வேண்டும். போடாவிட்டால் நூல் அறுந்துகொண்டே இருக்கும். மரவள்ளி மாவைப் பெரிய அண்டாவில் கொதிக்கவிட்டு, பசைப் பதம் வந்ததும் இரண்டு பேர் ஆளுக்கொரு காதைப் பிடித்து இறக்கித் தொட்டியில் ஊற்றுவோம். அந்த அண்டாவின் ஒரு காது ஆறு மாதமாகவே உடைந்திருந்தது. கம்பி சுற்றி ஓட்டிக்கொண்டிருந்தோம். புது அண்டா வாங்கச் சொல்லி நான் மூன்று தடவையாவது சொல்லியிருப்பேன். "ஆடிக் கிருத்திகை போவட்டும்மா, ஆர்டரை முடிச்சிட்டு வாங்கிக்கலாம்" என்பார் அண்ணன். ஆடிக் கிருத்திகைக்கு நான்கு நாள் இருக்கும்போது, காலை பதினோரு மணிக்கு, கம்பி விட்டது. உடைந்த காது என் பக்கம் இருந்தது.

வெந்நீர் கொட்டினால் வழிந்து ஓடிவிடும். கஞ்சி ஓடாது, ஒட்டிக்கொண்டு நின்று வேகவைக்கும். இடது தோளிலிருந்து விரல் வரை, மார்பில் ஒரு பக்கம், வயிறு, இடது தொடை. நான் போட்ட சத்தத்தில், நைட் டூட்டி முடித்து வந்து தூங்கிக்கொண்டிருந்த பாவா நடுச்சுவரைத் தாண்டிக் குதித்து வந்தார். அண்ணி இட்லி மாவுப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். எங்கள் தெருவில் எந்தச் சூட்டுக்கும் அதைத்தான் பூசுவார்கள். பாவா அதைப் பிடுங்கி ஓரமாக வைத்துவிட்டு, டிரம்மிலிருந்து தண்ணீரை மொண்டு மொண்டு என் மேல் ஊற்றினார். அண்ணன் ஆட்டோவைக் கூட்டிவரும் வரை அவர் நிறுத்தவே இல்லை.

ஆட்டோவில் அண்ணனும் அண்ணியும் என்னோடு ஏறினார்கள். பாவா ஆதார் கார்டு, காப்பீட்டு அட்டை எல்லாம் எடுத்துக்கொண்டு பின்னால் பைக்கில் வருவதாகச் சொன்னார். வழியில் அண்ணன் என் காதருகே குனிந்தார்.

"சரளா, ஷெட்ல ஆச்சுன்னு சொல்லாதம்மா. தறியாண்ட அடுப்பு வெக்காதன்னு பஞ்சாயத்துல ஏற்கெனவே நோட்டீஸ் குடுத்துகிறாங்க. சீல் வெச்சிடுவாங்க. ஊட்ல ஸ்டவ் வெடிச்சிச்சின்னு சொல்லிடு."

"ஆங்" என்றேன்.

எங்கள் தெருவில் இதெல்லாம் ஒரு பொய்யே இல்லை. தறியில் விரல் மாட்டினால் கதவில் நசுங்கியது என்போம். ஷெட்டில் கரண்ட் அடித்தால் வீட்டு மிக்ஸி என்போம். தறிக்காரர் வீட்டில் பிறந்த யாருக்கும் இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. எனக்கு உடம்பு எரிகிறது, அண்ணன் கண்ணில் தண்ணீர். வேறு என்ன சொல்லியிருப்பேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை.

தாலுக்கா ஆஸ்பத்திரியில் முதலில் ஊசி, பிறகு போலீஸ்காரர். சூட்டுக்காயம் என்று ஒரு பெண் வந்தால் போலீசுக்குத் தகவல் போயே ஆக வேண்டும். ஸ்டவ் என்றேன், எழுதிக்கொண்டார். ஆமாம் என்றார் அண்ணன், அதையும் எழுதிக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் பாவா வந்து பைக்கை நிறுத்தியதும் அந்தப் போலீஸ்காரர் அங்கேயே அவரை மடக்கி என்ன நடந்தது என்று கேட்டிருக்கிறார். பாவா நடந்ததைச் சொல்லியிருக்கிறார்: ஷெட், அண்டா, கஞ்சி. அவரிடம் விஷயத்தைச் சொல்லிவைக்க வேண்டும் என்று எங்கள் மூன்று பேருக்கும் தோன்றவில்லை. எனக்கு இது அப்போது தெரியாது. என்னை ஆம்புலன்சில் ஏற்றிச் சென்னைக்கு அனுப்பிவிட்டார்கள். காவடிக் கூட்டத்தில் வண்டி ஊர்ந்து ஊர்ந்து போனது மட்டும் நினைவிருக்கிறது.

சென்னையில் பெரிய ஆஸ்பத்திரி. தீக்காயப் பிரிவு என்பது தனி உலகம். நெருப்பு, வெந்நீர், கரண்ட், ஆசிட் எல்லாருக்கும் அதே வார்டு. செருப்பைக் கழற்றி, முகமூடியும் அங்கியும் போட்டுக்கொண்டுதான் உள்ளே வர முடியும். ஒரு ஆளுக்கு மேல் விடமாட்டார்கள். தோல் போனவர்களுக்குக் கிருமியைத் தடுக்க ஒன்றும் இல்லை, அதனால்தான் இத்தனை கெடுபிடி. போர்வை மேலே படாதிருக்க உடம்புக்கு மேல் ஒரு கம்பிக் கூண்டு. அதன் மேல் துணி. நான் அதற்குள் கிடந்தேன்.

காயத்தை உள்ளங்கையால் கணக்குப் பார்க்கிறார்கள். நம் கை, விரல்களோடு சேர்த்து, உடம்பில் நூற்றில் ஒரு பங்காம். எனக்கு இருபத்திரண்டு. முதல் இரண்டு நாள் பாட்டில் பாட்டிலாக டிரிப்ஸ் ஏற்றினார்கள். தோல் போன இடம் வழியாக உடம்பு நீரை இழந்துகொண்டே இருக்கும், ஈடு கட்டாவிட்டால் சிறுநீரகம் நின்றுவிடும் என்று டாக்டரம்மா சொன்னார். ஐம்பது வயதிருக்கும், அதட்டிப் பேசுகிறவர், ஆனால் எதைச் செய்தாலும் முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் செய்வார்.

ஊசி முனையால் கையைக் குத்திக் குத்திக் கேட்டார். வயிற்றில் குத்தியபோது உயிர் போனது. முன்னங்கையில் குத்தியது தெரியவே இல்லை. வலி இல்லையே என்று எனக்குச் சந்தோஷம்.

"வலிக்கிற இடம்தான் நல்ல இடம்மா. அது தானா ஆறிடும். வலிக்காத இடத்துல தோல் ஆழம் வரைக்கும் செத்துடுச்சு. அங்கே வேற தோல் வெச்சாதான் மூடும். முழங்கை மடங்குமா, விரல் வேலை செய்யுமாங்கிறதெல்லாம் அதுக்கப்புறம்தான்."

இரண்டாம் நாள் மாஜிஸ்திரேட் வந்தார். எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டு, சுயநினைவோடு இருக்கிறேனா என்று டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொண்டு, என்ன நடந்தது என்று கேட்டார். ஒரு தடவை சொன்ன பொய்யை மறுபடியும் சொல்வது எவ்வளவு சுலபமாக இருந்தது. அவர் போன பிறகுதான் பக்கத்துக் கட்டில் பெண் சொன்னாள், அதற்குப் பெயர் மரண வாக்குமூலம் என்று. இருபத்தைந்து வயதுகூட இருக்காது அவளுக்கு. கழுத்தோடு முகத்தில் பாதி கட்டு.

"உனக்குமாக்கா ஸ்டவ்வு?" என்று கேட்டாள்.

"ஆங்."

அவள் என்னைப் பார்த்த பார்வையில் அப்படி ஒரு சொந்தம் இருந்தது. அந்த வார்டில் எட்டுக் கட்டில், அதில் ஐந்து ஸ்டவ். அந்த வார்த்தைக்கு அங்கே என்ன அர்த்தம் என்று எனக்குப் புரிய இன்னும் ஒரு நாள் ஆனது.

மூன்றாம் நாள் குளிப்பாட்டும் அறை. ஒரு நாள் விட்டு ஒரு நாள் கட்டைப் பிரித்து, கழுவி, செத்த தோலை வழித்து, வெள்ளி கலந்த வெள்ளை மருந்து பூசி மறுபடி கட்டுவார்கள். அந்த அறையின் கதவு திறக்கும் சத்தம் கேட்டாலே எனக்கு நடுக்கம் வந்துவிடும். கழுவிக்கொண்டே டாக்டரம்மா நின்றுவிட்டார்.

"இது நெருப்பு இல்லையே. கையில ஒரு முடி பொசுங்கல. மண்ணெண்ணெய் வாசனையும் இல்ல. அக்குள்ல, விரல் இடுக்குல எல்லாம் கஞ்சி காஞ்சு கிடக்கு. யாரும்மா ஊத்தினது?"

நான் தண்ணீர்க் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கொட்டின உடனே யாரோ நிறைய தண்ணி ஊத்தியிருக்காங்க. இல்லன்னா விரலையே எடுக்க வேண்டி வந்திருக்கும். அது யாரு?"

"எங்க பாவா. ஊட்டுக்காரரு."

அதை அவர் எப்படி எடுத்துக்கொண்டாரோ, கட்டுப் போட்டுவிட்டுப் போனார். மறுநாள் ஒரு பெண் சப்-இன்ஸ்பெக்டர் வந்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"நீ ஸ்டவ்னு சொல்றே, உன் அண்ணன் ஸ்டவ்ன்றாரு. உன் புருஷன் மட்டும் ஷெட்ல ஆச்சுன்றான். டாக்டர் கஞ்சின்றாங்க. கஞ்சி வீட்லயும் வடிப்பாங்க. அன்னிக்கி அவன் வீட்லதான் இருந்துகிறான். அரக்கோணம் குடிபோறதைப் பத்தி போன வாரம் ரெண்டு பேருக்கும் சண்டைன்னு தெருவே சொல்லுது. கொழந்தையும் இல்ல. பயப்படாம சொல்லும்மா."

நடந்ததைச் சொன்ன ஒரே மனுஷன் பாவா. நாங்கள் மூன்று பேர் சேர்ந்து பேசி அவரைப் பொய்யராக்கியிருக்கிறோம். அப்போதே சொல்லியிருக்க வேண்டும். கண்ணாடித் தடுப்புக்கு வெளியே அண்ணன் டிபன் கேரியரோடு நின்றுகொண்டிருந்தார். "ஸ்டவ்தாங்க, அவரு ஒண்ணும் பண்ணல" என்றேன். பாதிக்குப் பாதி உண்மை சொல்லித் தப்பித்துவிடலாம் என்று நினைத்தேன். அந்த வார்டில் அப்படிச் சொல்கிற பெண்ணை யாரும் நம்புவதில்லை. என் நெஞ்சழுத்தத்தை நினைத்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது.

பாவா மேல் போலீசுக்குச் சந்தேகம் என்று அண்ணனிடம் சொன்னேன். "நான் பாத்துக்கறேன்மா. மாப்ளைக்கு ஒண்ணும் ஆவாது" என்றார். பாவா ஏன் வரவில்லை என்றேன். "டூட்டியாம்" என்றார்.

அடுத்து வந்த ஏழு நாள் எதிரிக்கும் வரக்கூடாது. அண்ணன் ஒரு நாள் தவறாமல் காலை லோக்கலில் வந்தார். ரசம் சோற்றைப் பிசைந்து ஊட்டினார். என் மூத்திரப் பையைக்கூட அருவருப்பில்லாமல் எடுத்துக் கொடுத்தார். அவர் போன பிறகு கண்ணாடித் தடுப்பையே பார்த்துக்கொண்டு கிடப்பேன். பாவா வரமாட்டார். கோபமாக இருக்கும், இருக்கட்டும், வந்து திட்டிவிட்டாவது போகக்கூடாதா என்று தோன்றும். கூண்டுக்குள் படுத்துக்கொண்டு அழுதால் கண்ணைத் துடைக்கக் கை வராது. வலது கையில் டிரிப்ஸ், இடது கை கட்டு. காதுக்குள் கண்ணீர் போய்த் தேங்கும்.

நடுவில் ஆடிக் கிருத்திகை வந்தது. தோல் வளரப் புரதம் வேண்டும் என்று நாளைக்கு நான்கு முட்டை கொடுப்பார்கள். அன்றைக்கு மாட்டேன் என்றேன். "எந்த ஊரும்மா?" என்றார் நர்ஸ். திருத்தணி என்றேன். "அப்போ அந்த முருகன்கிட்ட நான் பேசிக்கறேன், நீ வாயைத் திற" என்று ஊட்டிவிட்டார். அந்த வார்டில் நான் சிரித்தது அன்றைக்கு ஒரு தடவைதான்.

பதினோராம் நாள் தரை துடைக்கும் அம்மா என் கட்டிலருகே துடைப்பத்தை நிறுத்திவிட்டு மெதுவாகச் சொன்னார். "உங்க ஊட்டுக்காரு தெனம் வந்துகினுதான் கீறாரு. பத்து மணிக்கு வந்தா சாயங்காலம் வரைக்கும் கேட்டாண்ட நிக்கிறாரு. போலீஸ் சொல்லிக்கீதாம், உள்ள உடமாட்றாங்க. வேலையும் பூட்ச்சாம். என்னாண்ட ஒண்ணே ஒண்ணு கேப்பாரு, வெரலு ஆடுதான்னு. நாளைக்கி ஸ்டேசனுக்கு வரச் சொல்லிகிறாங்களாம். அப்பால வருவாரோ மாட்டாரோ."

அன்று முழுக்க நான் சாப்பிடவில்லை.

மறுநாள் காலை டாக்டரம்மா ஆபரேஷனை விளக்க வந்தார். அண்ணனும் இருந்தார். என் வலது தொடையிலிருந்து மெல்லிய படலமாகத் தோலைச் சீவி எடுப்பார்களாம். அதில் சின்னச் சின்னக் கீறல் போட்டு வலையாக விரித்து, செத்த இடத்தைச் சுரண்டிவிட்டு அதன் மேல் பரப்புவார்களாம். எடுத்த இடம் இரண்டு வாரத்தில் தானாக ஆறிவிடும், ஆனால் வைத்த இடத்தைவிட எடுத்த இடம்தான் அதிகம் வலிக்கும். ஐந்து நாள் கட்டைத் தொடக்கூடாது, கை அசையக்கூடாது. அதற்குள் அடியிலிருந்து ரத்த நாளம் வந்து பிடித்துக்கொண்டால் பிழைத்தது.

"ஏங்க, அவ ஏற்கெனவே நொந்துகினு கீறா" என்றார் அண்ணன். "என் தோலை எடுத்துக்குங்க. எவ்ளோ வேணுமோ எடுத்துக்குங்க."

நிஜமாகவே சட்டைப் பொத்தானைக் கழற்ற ஆரம்பித்துவிட்டார். டாக்டரம்மா தடுத்தார். "அடுத்தவங்க தோல் கொஞ்ச நாள்தான் நிக்கும், அப்புறம் உடம்பு தள்ளிடும். அவங்க தோல்தான் அவங்களுக்கு."

அண்ணனைப் பார்த்தேன். உடம்பை உரித்துத் தரத் தயாராக நிற்கிற மனுஷனுக்கு ஒரு வார்த்தை உண்மையைத் தர முடியவில்லை. எனக்கு அவர் மேல் பாசம் பொங்கியது, அதே நேரத்தில் கோபமும் வந்தது. இனி அவர் சொல்வாரென்று காத்திருந்தால் பாவா உள்ளே போய்விடுவார்.

"டாக்டர், ஸ்டவ் இல்ல. எங்க பாவா சொன்னதுதான் நெஜம். ஷெட்ல கஞ்சி எறக்கும்போது அண்டா காது வுட்ருச்சு. இன்னொரு காதைப் புடிச்சிகினு இருந்தது எங்கண்ணன். போலீசைக் கூப்புடுங்க, இப்பவே சொல்றேன்."

அண்ணன் பொத்தானைத் திரும்பப் போட்டுக்கொண்டார். கேரியரை ஸ்டூலில் வைத்தார். "சரளா" என்றார், அவ்வளவுதான். கதவருகே அங்கியைக் கழற்றி மாட்டிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு ஆஸ்பத்திரிக்கு வரவில்லை.

சப்-இன்ஸ்பெக்டர் என்னை நன்றாகத் திட்டினார். மறுபடி மாஜிஸ்திரேட், மறுபடி வாக்குமூலம். எல்லாம் கேட்டுக்கொண்டிருந்த பக்கத்துக் கட்டில் பெண் சாயங்காலம் என் பக்கம் திரும்பினாள். "எங்களுக்கு வேற வழி இல்ல, சொன்னோம். உனக்கு இன்னாக்கா?" என்றாள். பிறகு அவள் என்னோடு பேசவில்லை.

ஆபரேஷன் முடிந்த அந்த ஐந்து நாளும் எனக்கென்று யாருமில்லை. போலீஸ் ஷெட்டைப் போய்ப் பார்த்து எழுதி முடிக்கும் வரை பாவாவை விடவில்லை. நர்ஸ் ஊட்டினால் சாப்பாடு, மறந்தால் இல்லை. மூக்கு அரித்தால்கூட யாரையாவது கூப்பிட வேண்டும். சுற்றி ஏழு கட்டிலுக்குப் பக்கத்திலும் யாராவது ஒருவர் உட்கார்ந்திருப்பார். என் ஸ்டூல் மட்டும் காலி. டாக்டர் கணக்குப்படி தொடைதான் வலிக்க வேண்டும், வலித்தது. ஆனால் அந்தக் காலி ஸ்டூலைப் பார்க்கிறதுதான் பெரிய வேதனையாக இருந்தது.

ஆறாம் நாள் கட்டைப் பிரித்தார்கள். வலை வலையாக, ஈரமாக, இளஞ்சிவப்பு. "பிடிச்சிடுச்சு" என்றார் டாக்டரம்மா. நான் பார்க்கமாட்டேன் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். திரும்பிய பக்கம் அங்கியும் முகமூடியுமாக ஒருவர் நின்றுகொண்டிருந்தார். கண்ணை வைத்துத்தான் அடையாளம் தெரிந்தது. ரொம்ப இளைத்திருந்தார்.

"வெரலை ஆட்டு" என்றார்.

ஆட்டினேன். இரண்டு விரல் நன்றாக, மற்றவை கொஞ்சமாக.

"ம்" என்று சொல்லி ஸ்டூலில் உட்கார்ந்தார். வேறு ஒன்றும் கேட்கவில்லை. வீட்டுக்குப் போகும் நாள் வரை கேட்கவில்லை.

இப்போது அரக்கோணத்தில் வாடகை வீட்டில் இருக்கிறோம். பாவாவைத் திரும்ப வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள், புது ஆளாக. ஷெட்டுக்கு இரண்டு மாதம் சீல் இருந்தது. அடுப்பை இடம் மாற்றி, புது அண்டா வாங்கிய பிறகு திறந்துவிட்டார்கள். இவ்வளவுதான் நடந்திருக்கும், முதல் நாளே உண்மையைச் சொல்லியிருந்தாலும். அண்ணனுக்குப் போன் செய்தால் அண்ணிதான் எடுக்கிறாள், குளிக்கிறார் என்கிறாள்.

புதுத் தோலைப் பற்றி டாக்டர்கள் சொல்வதைவிட நமக்கு அதிகம் தெரியவரும். வியர்க்காது. முடி முளைக்காது. வெயில் பட்டால் கறுத்துப்போகும். வடு தடித்துச் சுருங்கி முழங்கையை மடக்கி வைத்துவிடாதிருக்க, தோள் வரை வரும் இறுக்கமான கையுறையை ஒரு வருஷம் இரவும் பகலும் போட வேண்டும், குளிக்கும்போது மட்டும் கழற்றலாம். தினமும் கையை நீட்டிப் பயிற்சி செய்ய வேண்டும், அழுதாலும் விடக்கூடாது. வலி நின்ற பிறகு அரிப்பு வரும். சொறிந்தால் புண்ணாகும். தேங்காயெண்ணெயை மெல்ல அழுத்தித் தேய்ப்பதுதான் வழி. காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. பாவாதான் தேய்க்கிறார். தேய்க்கும்போது பேசமாட்டார். முன்னெல்லாம் தொண தொணவென்று ரயில் கதை பேசுகிறவர்.

எட்டு மாதம் பொறுத்துப் பார்த்தேன். போன ஞாயிற்றுக்கிழமை கேட்டேவிட்டேன். "என் மேல கோவமா பாவா?"

தேய்ப்பதை நிறுத்தவில்லை. முழங்கைக்கு வந்ததும் சொன்னார். "ஸ்டேஷன்ல ஒரு நாள் என்னைக் கேட்டாங்க. உன் பொண்டாட்டி ஸ்டவ்வுன்னு சொல்லிகிறா, நீ ஷெட்டுன்றே. உன் பொண்டாட்டி பொய் சொல்ற ஆளான்னு."

"இன்னா சொன்னீங்க?"

"சொல்ல மாட்டான்னு சொன்னேன்."